வண்டிக்குள் ஒரு வானொலி நிலையம்

சென்னையிலிருந்து வடக்கே கல்கத்தா வரையில் செல்லும் பெருஞ்சாலையில், செங்குன்றத்தையும் சோழவரத்தையும் கடந்து கும்மிடிப்பூண்டியை நெருங்கும்போது, புகைபோக்கிகள் ஒவ்வொன்றாய்த் தென்படத் தொடங்குகின்றன. இரும்பை உருக்கிக் கம்பியாக நீட்டும் ஆலைகள் அங்கே மிகுதி. அவ்வாலைகளுக்குச் சரக்குக் கொண்டு வருவனவும் கொண்டு போவனவுமாகிய லாரிகள் இரவு பகல் என்றில்லாமல் சாலையோரத்தில் வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றுள் ஏதேனும் ஒன்றினுள்ளே எட்டிப் பார்க்கும் நேயர்கள், கண்ணாடிக்கு மேலே சாமி படத்தையும், அதற்குச் சாத்திய வாடிய பூச்சரத்தையும் முதலில் காண்பார்கள். சற்றுக் கீழே, முன்னாளில் சிகரெட்டுப் பற்றவைப்பதற்கென்று ஏற்பட்ட துளையில், கட்டைவிரல் பருமனுள்ள ஒரு கருவி செருகப்பட்டிருக்கும். அதன் நெற்றியில் 88.3 என்றோ 107.1 என்றோ எண்கள் ஒளிவிட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கருவிதான் இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

எப்.எம். டிரான்ஸ்மிட்டர் என்பது கடைத்தெருவில் அதற்கு வழங்கும் பெயர். பண்பலை ஒலிபரப்பி என்று தமிழில் சொல்லலாம். ஓட்டுநரின் கைபேசியிலுள்ள பாட்டை அது கம்பி வழியாகவோ கம்பியின்றியோ வாங்கிக்கொள்கிறது. கைபேசி இல்லாவிட்டால், விரல் நகத்தளவுள்ள நினைவட்டையைத் தன் வாயில் செருகினாலும் படிக்கிறது. பிறகு அப்பாட்டை வானொலி அலையாக மாற்றி வீசுகிறது. வண்டியிலுள்ள ரேடியோ, அதை ஏதோ ஒரு நிலையத்தின் நிகழ்ச்சி என்றே நம்பி, வாங்கிப் பாடுகிறது. உண்மையில் அதுவும் ஒரு நிலையந்தான். நிலையத் தலைவர், பாட்டுப் பொறுக்குகிறவர், அறிவிப்பாளர், நேயர் ஆகிய எல்லோரும் ஒருவரே என்பதும், நிலையத்தின் ஆட்சி எல்லை வண்டியின் கதவோடு முடிந்துவிட வேண்டும் என்பதுமே வித்தியாசம்.

கைக்கெட்டும் தூரத்திலுள்ள பாட்டை ஒலிபெருக்கிக்குக் கொண்டுபோக ஆகாய மார்க்கம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். இதற்கு விடை மோட்டார் வண்டிகளின் வயதில் இருக்கிறது. திருவள்ளூரையே எடுத்துக்கொள்வோம். அவ்வூர்த் தொழிற்சாலையில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் 1998-ம் வருஷத்தில் மிட்சுபிஷி லான்ஸர் என்னும் ஜப்பானிய மாதிரி வண்டியைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். இன்று அதே தலத்திலிருந்து பிரெஞ்சு தேசத்து ஸிட்ரோயன் வண்டிகள் வெளிவருகின்றன. இப்போது வரும் வண்டியில் கைபேசியோடு தானே பேசிக்கொள்ளும் கண்ணாடித் திரை இருக்கிறது. அன்றைய வண்டிகளிலோ கேஸட் சுழலும் ஸ்டீரியோப் பெட்டியே பெரிய பாக்கியமாய் இருந்தது. கேஸட்டுகள் கடைகளிலிருந்து மறைந்தன, அவற்றின் இடத்தில் வந்த வட்டத் தகடுகளும் மறைந்தன, வண்டி மறையவில்லை. நம் நாட்டில் வண்டி எளிதில் மறைவதில்லை. முதல் சொந்தக்காரர் விற்றதை இரண்டாமவர் வாங்குகிறார். அவரிடமிருந்து டிராவல்ஸ்காரரிடம் போகிறது. கடைசியில் ஆலைத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் வேலைக்கு வந்து சேர்கிறது. அவ்வண்டியின் ஸ்டீரியோவில் கேஸட் வாய் தூசு அடைந்து கிடக்கும். புதிய பாட்டுக்கருவியைப் பொருத்தும் துளை அதில் கிடையாது. ஆனால் ரேடியோ மட்டும் உயிரோடிருக்கும். அந்த ஒரே வாசல் வழியாகப் பாட்டை உள்ளே அனுப்பும் உபாயமே இந்தச் சிறு ஒலிபரப்பி. புது ஸ்டீரியோ வாங்கிப் பொருத்தப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். இதுவோ சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

பழைய வண்டியும் புதிய பாட்டும் என்னும் இந்தச் சங்கடம் நமக்கு மாத்திரம் உரியதன்று. நார்வே தேசத்தார் 2017-ம் வருஷத்தில் தங்கள் தேசிய எப்.எம். ஒலிபரப்பை நிறுத்தி, எண்முறை வானொலிக்கு மாறினார்கள். உலகில் அவ்வாறு செய்த முதல் தேசம் அதுதான். பழைய மோட்டார் வைத்திருந்தவர்கள் புதிய ஒலிபரப்பைக் கேட்க ஒரு மாற்றுக் கருவி வாங்க வேண்டியதாயிற்று. அத்தகைய கருவிகளுள் பல என்ன செய்தன தெரியுமா? புது அலையை வாங்கி, எப்.எம். அலையாக மாற்றி, பழைய ரேடியோவுக்கே வீசின! நாடு கைவிட்ட எப்.எம். அலை வண்டிக்குள்ளே தொடர்ந்து வாழ்ந்தது. நோக்கியா கம்பெனியார் 2010-ல் வெளியிட்ட என்8 என்னும் கைபேசியிலோ இந்த ஒலிபரப்பி உள்ளேயே பொதிந்திருந்தது. பிற்பாடு அந்த வழக்கம் நின்றுவிட்டது.

கும்மிடிப்பூண்டிச் சாலைக்கு மட்டும் உரிய காரணங்களும் உண்டு. பண்பலை ஒலிபரப்பு ஏறக்குறையக் கண்பார்வையைப் போல நேராகச் செல்வது. பூமியின் வளைவு அதற்குத் தடை. நூறு மீட்டர் உயரமுள்ள கோபுரத்திலிருந்து புறப்படும் அலை, சாலையில் போகும் வண்டியை ஏறக்குறைய 46 கிலோமீட்டர் வரையில்தான் நேரே எட்டும் என்பது கணக்கு. கும்மிடிப்பூண்டியோ சென்னையிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். எனவே சென்னை நிலையங்களின் குரல் இந்தப் பிரதேசத்தில் தேய்பிறைச் சந்திரன் போல் ஆகிவிடுகிறது. எளாவூர்ச் சோதனைச் சாவடியையும் ஆரம்பாக்கத்தையும் தாண்டித் தடாவுக்குள் நுழைந்தால் பாட்டைக் காட்டிலும் இரைச்சலே மிகுதி. அப்பால் நெல்லூர் வரையில் ஓட வேண்டிய ஓட்டுநர், இரவு இரண்டு மணிக்குத் தூக்கத்தைத் துரத்த எதை நம்புவார்?

இரண்டாவது காரணம் பாஷை. கும்மிடிப்பூண்டி ஆலைகளில் பீஹாரிகள், ஒரியர், வங்காளிகள், அஸ்ஸாமியர் ஆயிரக்கணக்கில் உழைக்கிறார்கள். வேலை முடிந்து கொட்டகைக்குத் திரும்பும் வண்டியில் அவர்களுக்கு ஒரு போஜ்புரிப் பாட்டோ ஒரியாப் பஜனையோ கேட்க வேண்டுமென்றால், சென்னையின் எந்த நிலையம் போடும்? சென்னைத் தனியார் நிலையங்களைப் பற்றித் தமிழர்களுக்கே மனத்தாங்கல் உண்டு. பாட்டைக் காட்டிலும் பேச்சு அதிகம், பேச்சைக் காட்டிலும் விளம்பரம் அதிகம் என்பார்கள். அப்படியிருக்க, ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்தவனுக்கு அங்கே இடம் ஏது? அவன் ஊருக்குப் போய்வரும்போது நினைவட்டையில் நிரப்பிக்கொண்டு வந்த பாட்டு, இந்தச் சிறு கருவியின் மூலம் வண்டி முழுவதும் ஒலிக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பொன்னேரிக்காரரும் கேட்கிறார். மறுநாள் அவருடைய முறை. பாரத தேசத்தின் ஒற்றுமையைப் பற்றி மேடைகளில் பேசப்படுவன ஒரு பக்கம் இருக்கட்டும். ஒருவர் பாஷைப் பாட்டை இன்னொருவர் காது கொடுத்துக் கேட்பதற்கு இந்த வண்டிகளில் இடம் ஏற்பட்டிருப்பது நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இனி, இக்கருவி வேலை செய்யும் விதத்தைச் சற்று விவரிப்போம். எப்.எம். முறையைக் கண்டுபிடித்தவர் எட்வின் ஆர்ம்ஸ்டிராங் என்னும் அமெரிக்கர். தூக்கிச் செல்லக்கூடிய சங்கீதத்துக்கும் அவருக்கும் பழைய தொடர்பு உண்டு. 1923-ல் தமக்கு மனைவியாக வந்த மரியனுக்கு அவர் அளித்த மணப் பரிசு, கையில் தூக்கிச் செல்லும் ஒரு ரேடியோப் பெட்டி! அக்காலத்து வானொலியில் இடி மின்னலும் மோட்டார் எந்திரமும் எழுப்பும் இரைச்சல் சங்கீதத்தோடு கலந்துவிடும். அலையின் வலிமையைக் கூட்டிக் குறைத்துப் பாட்டை ஏற்றியதே இதற்குக் காரணம்; இரைச்சலும் அலையின் வலிமையிலேதான் கைவைக்கும். வலிமையைத் தொடாமல், அலை துடிக்கும் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பாட்டை ஏற்றினால் என்ன என்று ஆர்ம்ஸ்டிராங் யோசித்தார். 1933 டிசம்பரில் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அதன் பிறகு பெரிய கம்பெனிகளோடு ஓயாத வழக்கு. பணமும் மனமும் நொந்து, 1954 ஜனவரி கடைசியில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அம்மையார் மரியன் வழக்குகளை விடவில்லை. ஒவ்வொன்றாய் ஜயித்து, கடைசி வழக்கையும் 1967-ல் முடித்தார். அந்தக் கடைசி எதிராளி மோட்டோரோலாக் கம்பெனி. 1930-ல் மோட்டாரில் பொருத்தும் ரேடியோவைச் செய்து விற்றதனாலேயே அந்தக் கம்பெனிக்கு அப்பெயர் வந்தது! வண்டியில் பாட்டுக் கேட்கிறவர்கள் அந்த அம்மையாரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.

ஆர்ம்ஸ்டிராங்கின் முறைக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. ஒரே எண்ணில் இரண்டு நிலையங்கள் பாடினால், பழைய முறையில் இரண்டும் கலந்து கேட்கும். எப்.எம். முறையிலோ வலுவுள்ளது மெலிந்ததை அறவே விழுங்கிவிடும். கும்மிடிப்பூண்டிச் சாலையில் இதை வேடிக்கையாகக் காணலாம். நல்லூர்ச் சுங்கச் சாவடியில் வண்டிகள் நெருங்கி நிற்கும் நேரம். ஒருவர் பக்தி சிரத்தையோடு கந்தர் சஷ்டிக் கவசம் கேட்டுக்கொண்டிருக்கிறார். பக்கத்து வரிசையில் ஒரு லாரி வந்து நிற்கிறது. திடீரென்று கவசம் நின்று, குத்துப்பாட்டு ஒன்று அவருடைய வண்டிக்குள் குதிக்கிறது! லாரிக்காரர் அதே எண்ணில் தம் நிலையத்தை நடத்துகிறார் என்பதும், அவருடைய கருவிக்கு வலிமை அதிகம் என்பதுமே விஷயம். வரிசை நகர்ந்ததும் முருகன் திரும்பி வருகிறார். இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் சிரிப்புக்கு அடியில் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. நம் வண்டிக்குள் என்ன கேட்க வேண்டும் என்பது நம் உரிமையானால், அடுத்தவன் வண்டிக்குள் நம் பாட்டைச் செலுத்துவது யார் உரிமை?

ஆகாயம் யாருடையது என்னும் இந்தக் கேள்விக்கு நம் தேசத்தில் நீண்ட சரித்திரம் உண்டு. அதில் சென்னைக்கு முதல் ஸ்தானம் உண்டு. 1924 மே மாதத்தில் ஸ்ரீ ஸி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியாரின் முயற்சியால் சென்னை ராஜதானி ரேடியோ கிளப் ஏற்பட்டது. அந்த வருஷம் ஜூலை 31-ந் தேதி, 40 வாட் வலிமையுள்ள ஒலிபரப்பியைக் கொண்டு அது பாடத் தொடங்கியது. பம்பாயில் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனியின் நிலையம் திறக்கப்பட்டது 1927 ஜூலை 23-ல்தான்; அதற்கு மூன்று வருஷம் முன்னதாகவே ஆர்வம் ஒன்றையே மூலதனமாகக் கொண்ட சென்னைவாசிகள் ஆகாயத்தில் குரல் கொடுத்துவிட்டார்கள். பணமின்றி 1927 அக்டோபரில் கிளப் ஓய்ந்தது. அதன் கருவிகளை ஏற்றுக்கொண்ட சென்னை நகரசபை, 1930 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஒலிபரப்பை நடத்திற்று. மெரினாக் கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்து ஏழைகளுக்கும் சங்கீதம் கிடைக்கச் செய்தார்கள். 1938 ஜூனில் அகில இந்திய ரேடியோ சென்னையில் நிலையம் திறந்ததும் நகரசபை ஒதுங்கிக்கொண்டது.

பிரிட்டிஷ் சர்க்கார் ஆகாயத்தை ஜனங்களிடம் விட்டுவைக்க விரும்பவில்லை. 1885-ம் வருஷத்துத் தந்திச் சட்டமும், 1933-ம் வருஷத்துக் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் அதற்கு அரண்கள். 1942 ஆகஸ்டுப் போராட்டத்தின்போது பம்பாயில் ஸ்ரீமதி உஷா மேத்தாவும் தோழர்களும் காங்கிரஸ் ரேடியோவை இரகசியமாய் நடத்தினார்கள். பத்திரிகைகள் எழுத முடியாதவற்றை, வீடு விட்டு வீடு மாறி, அந்த ஒலிபரப்பி சொல்லிற்று. நவம்பரில் போலீஸார் கண்டுபிடித்தார்கள். உஷா மேத்தாவுக்கு நான்கு வருஷச் சிறைவாசம். சுதந்திரம் வந்த பிறகும் அந்தப் பழைய சட்டங்கள் நின்றுகொண்டேயிருந்தன. ரேடியோப் பெட்டி வைத்திருப்பதற்கே தபாலாபீஸில் லைசென்ஸ் பணம் கட்டி, புத்தகத்தில் முத்திரை ஒட்டிவந்த காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எண்பதுகளில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது. 1885, 1933 சட்டங்களின் இடத்தில் வைப்பதற்கான புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றியதோ 2023-ல்! வெள்ளையன் போட்ட பூட்டுக்கு எழுபத்தாறு வருஷம் நாமே எண்ணெய் போட்டுவந்தோம்.

இடையிலே நல்ல காரியங்களும் நடந்தன. நம் தேசத்தின் முதல் எப்.எம். ஒலிபரப்பு, பம்பாய் நிலையம் திறந்த நாளிலிருந்து சரியாக ஐம்பது வருஷம் கழித்து, 1977 ஜூலை 23-ல், சென்னையில் தொடங்கிற்று. 1995 பிப்ரவரி 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, வானலைகள் பொது மக்களின் சொத்து என்று தீர்ப்பளித்தது. 2004 பிப்ரவரி முதல் தேதி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில், நம் நாட்டின் முதல் சமுதாய வானொலியாகிய அண்ணா எப்.எம். 90.4 என்னும் எண்ணில் பாடத் தொடங்கியது. ஆனால் 2006-ம் வருஷம் நடந்த மூன்று சம்பவங்களை ஒருசேர வைத்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். பீஹாரில் வைசாலி ஜில்லாவைச் சேர்ந்த மன்சூர்பூர் கிராமத்தில், ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்த ஓர் இளைஞர், சுமார் ஐம்பது ரூபாய்ச் செலவில் தாமே செய்த ஒலிபரப்பியை மூங்கில் கம்பத்தில் கட்டி, சுற்று வட்டாரத்துக்குப் பாட்டும் செய்தியும் வழங்கிவந்தார். லைசென்ஸ் இல்லை என்று அந்த வருஷம் அது மூடப்பட்டது. அதே வருஷம் நவம்பரில் மத்திய சர்க்கார் சமுதாய வானொலி நடத்தும் உரிமையைக் கல்விச் சாலைகளோடு நிறுத்தாமல் சேவைச் சங்கங்களுக்கும் அளித்தது. டிசம்பர் 8-ந் தேதி, இங்கிலாந்தில் அதுவரை சட்ட விரோதமாயிருந்த மோட்டார் ஒலிபரப்பிகளை, 50 நானோவாட்டுக்கு மேற்படாமல் இருந்தால் லைசென்ஸின்றி உபயோகிக்கலாம் என்று அனுமதித்தார்கள்.

ஐம்பது நானோவாட் என்பது எவ்வளவு? பத்தாயிரம் வாட் வலிமையுள்ள ஒரு நகர நிலையத்தை 20,000 கோடி பங்காகப் பிரித்தால், அதில் ஒரு பங்கு. ஆனால் நிலையம் 45 கிலோமீட்டருக்கு அப்பால். கருவியோ வண்டியின் ஏரியலிலிருந்து ஒரு மீட்டரில். இந்த நெருக்கத்தினால் கருவிக்குக் கிடைக்கும் சலுகை சுமார் 200 கோடி மடங்கு. கூட்டிக் கழித்தால் கருவி இன்னும் நூறு மடங்கு பின்தங்கியே நிற்கிறது. ஆகவே சட்டத்துக்குட்பட்ட கருவி ஒரு நிலையத்தின் எண்ணிலேயே நின்று அதை ஜயிப்பது துர்லபம். யாரும் பாடாத எண்ணைத் தேடிப் போவதே அதற்கு வழி. சென்னையிலோ 93.5, 98.3, 101.4, 106.4 என்று வரிசையாகக் குடியேறிவிட்டார்கள். காலி மனை அகப்படுவது அரிது. இந்த நெருக்கடியில்தான் சில உற்பத்தியாளருக்குத் துர்ப்புத்தி தோன்றுகிறது. வலிமையைக் கூட்டிவிட்டால் எந்த எண்ணிலும் பாடும், வாங்குகிறவன் மெச்சுவான் என்று கணக்குப் போடுகிறார்கள். சுங்கச் சாவடியில் கவசத்தை விழுங்குவன இத்தகைய கருவிகளே.

பக்கத்து வண்டிக்காரருக்கு நேரும் எரிச்சலோடு இது நின்றால் பாதகமில்லை. எப்.எம். அலைகளின் தெரு 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. அதை அடுத்த வீடு ஆகாய விமானங்களுடையது. ஓடுபாதை எங்கே இருக்கிறது என்று இறங்கும் விமானத்துக்குக் காட்டும் அலைகள் 108 முதல் 112 வரையிலும், விமானியோடு தரையிலிருந்து பேசும் அலைகள் 118-க்கு மேலும் இருக்கின்றன. தரங்கெட்ட ஒலிபரப்பி தனக்குரிய எண்ணில் ஒழுங்காய் நில்லாமல் அக்கம்பக்கத்திலும் சிதறும். வலிமையும் மிகுந்து, ஒழுங்கும் இல்லாத கருவி, பாட்டுப் பெட்டி என்னும் பெயரில் ஒரு பொது அபாயம். 107-க்கு மேற்பட்ட எண்களில் மலிவான கருவிகளைப் பாடவிடாதிருப்பது நலம் என்பதே நம் யோசனை.

சர்க்கார் செய்ய வேண்டியது தடியெடுப்பதன்று. வண்டியின் கதவுக்குள் அடங்கும் ஒலிபரப்பைக் குற்றமாகக் கருதுவது, வீட்டுக்குள் பாடுகிறவனிடம் கச்சேரி லைசென்ஸ் கேட்பது போல. வலிமைக்கு ஓர் உச்ச வரம்பு, பெட்டியின் மேல் அதைத் தமிழிலும் அச்சிடும் நிபந்தனை, துறைமுகத்தில் இறங்கும் சரக்கிலிருந்து சிலவற்றை எடுத்து அளந்து பார்க்கும் சோதனைச் சாலை: இவை போதும். ஆலை ஊழியனுடைய பாட்டைப் பறிமுதல் செய்வதைவிட, வரம்பு மீறிய கருவியைக் கப்பலிலேயே நிறுத்துவது சுலபமும் நியாயமுமாகும்.

வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. மோட்டார் காரின் மின்சாரம் 12 வோல்ட். பெரிய லாரியினுடையது 24. காருக்கென்று செய்த கருவியை லாரியில் செருகினால் அதன் ஆயுள் அந்த நிமிஷத்தோடு முடியலாம். 12 முதல் 24 வரை தாங்கும் என்று எழுதியிருப்பதையே லாரிக்காரர்கள் வாங்க வேண்டும். கைபேசியின் ஒலியை உச்சத்தில் வைத்தால் பாட்டுக் கரகரக்கும். முக்கால் பங்கில் வைத்து, மிச்சத்தை ஸ்டீரியோவில் கூட்டுக. எண்ணை மாற்றுவதானால் வண்டியை நிறுத்திவிட்டு மாற்றுக. தச்சூர்க் கூட்டுச் சாலையில் 88.3 காலியாக இருந்தது என்பதற்காக மாதவரத்திலும் காலியாக இருக்கும் என்று நம்பி, ஓடும் வண்டியில் பொத்தானைத் துழாவுவது உயிருக்கு உலை வைக்கும் வேலை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் திருவள்ளூர் ஜில்லாவையும் வெள்ளக்காடாக்கியபோது, பல இடங்களில் மின்சாரம் நின்றது, கைபேசிகளும் வாயடைத்துப்போயின. அத்தகைய வேளையில் எந்தச் சாலை மூழ்கியிருக்கிறது, எந்தப் பாலம் திறந்திருக்கிறது என்பதை வண்டியிலுள்ள ரேடியோவே சொல்லக்கூடும். தனியார் எப்.எம். நிலையங்கள் சொந்தமாய்ச் செய்தி சேகரித்துச் சொல்ல அனுமதியில்லை. செய்திக்கு ஆகாசவாணிதான் கதி. தன் நினைவட்டைப் பாட்டிலேயே மூழ்கி, மாதக்கணக்கில் ரேடியோ முள்ளைத் திருப்பாத ஓட்டுநருக்கு, ஆகாசவாணி எந்த எண்ணில் பேசுகிறது என்பதே மறந்து போயிருக்கும். சென்னையில் அது 101.4 என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கண்ணாடியோரம் ஒட்டிவைப்பதில் சிரமம் ஒன்றுமில்லை.

கடைசியாகச் சுதேசி விஷயம். ரிச்சி தெருவில் விற்கும் இக்கருவிகளுள் பெரும்பாலானவை சீனத்துச் சரக்கு. உள்ளே இருப்பது பிரமாதமான ரகசியமொன்றுமில்லை: நகத்தளவு சில்லு ஒன்று, எண் பிசகாமல் காக்கும் படிகம் ஒன்று, மின்சாரத்தை 5 வோல்ட்டுக்கு இறக்கும் சிறு உறுப்பு, எண் காட்டும் விளக்கு. நம் பாலிடெக்னிக் மாணவர்கள் ஒரே ஒரு டிரான்ஸிஸ்டரும், பென்ஸிலில் சுற்றி எடுத்த செப்புக் கம்பிச் சுருளும் கொண்டு இதன் மூதாதையைப் பல வருஷங்களாகச் செய்துவருகிறார்கள். அந்த மூதாதைக்குக் கை பக்கத்தில் போனாலும் எண் நழுவும், சித்திரை வெயில் பட்டாலும் நழுவும். படிகம் சேர்த்தால் அந்தக் குறை தீர்கிறது. சில்லை வெளிநாட்டிலிருந்தே வாங்க நேர்ந்தாலும், மற்றவற்றைச் சேர்த்து, வரம்புக்குள் அடங்குகிறதா என்று அளந்து, பெட்டியில் போட்டு விற்பதற்குக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு சிறு கொட்டகையும் பத்துப் பெண்மணிகளும் போதும். திருவள்ளூரில் காரே செய்கிறோம். அந்தக் காரின் துளையில் செருகும் கட்டைவிரல் பருமனுள்ள சாமான் மட்டும் கடல் கடந்து வர வேண்டியிருக்கிறது.